வாசகர் கேள்வி பதில்: பட்டுக்கோட்டையாரின் பாட்டுத் தொழில்

சென்ற இதழில் நடவுப் பாட்டுகளைப் பற்றிய ஒரு கேள்விக்கு விடை எழுதியபோது, திரைப் பாடலாசிரியர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பெயரை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டு மேலே சென்றுவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன்.

அவர் திரைக்கு வருவதற்கு முன் பதினேழு தொழில்கள் செய்தார் என்று மேடைகளில் சொல்கிறார்கள். ஒரு பாடலாசிரியரின் வரிகளுக்கும் அவர் முன்பு பார்த்த வேலைகளுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது நாமாகப் பின்னால் இணைத்துப் பார்க்கிறோமா?
— கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதினேழு என்ற கணக்கை நான் பெரிதுபடுத்த மாட்டேன். உழவு, மாடு மேய்த்தல், உப்பளத்து வேலை, மீன்பிடித்தல், மாம்பழம், இட்லி, தேங்காய் விற்றல், நாடக நடிப்பு என்று அந்தப் பட்டியல் நீளும். அக்காலத்தில் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் நிலமும் பணமும் இல்லாத வீட்டில் பிறந்த பலருடைய வாழ்க்கையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. வேலைகளை எண்ணுவதால் பாட்டு விளங்கிவிடாது என்பதால், ஒரு பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

1958-இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்காக அவர் எழுதிய பாட்டு இப்படித் தொடங்குகிறது:

“சும்மா கெடந்த நெலத்தைக் கொத்தி
சோம்பலில்லாம ஏர் நடத்தி
கம்மாக் கரையை ஒசத்திக் கட்டி
கரும்புக் கொல்லையில் வாய்க்கால் வெட்டி
சம்பாப் பயிரைப் பறிச்சு நட்டு
தகுந்த முறையில் தண்ணீர் விட்டு
நெல்லு வெளஞ்சிருக்கு – வரப்பும்
உள்ள மறஞ்சிருக்கு.”

முதலில் இதன் இலக்கணத்தைப் பாருங்கள். கொத்தி, நடத்தி, கட்டி, வெட்டி, பறித்து, நட்டு, விட்டு என்று ஏழு வினையெச்சங்கள் வரிசையாக வருகின்றன. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சம் தன் எழுவாயின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்பது நாம் பள்ளியில் படித்த பொது விதி. கொத்தியவன் யாரோ அவனுடைய வினைதான் இறுதியில் வர வேண்டும். இங்கே ஏழு வேலைகளைச் செய்தவன் பாட்டுக்குள் வருவதே இல்லை. முற்று வினை வரும்போது அது நெல்லுக்குப் போய்விடுகிறது: “நெல்லு வெளஞ்சிருக்கு.” உழைத்தவனின் பெயர் விழுந்துபோய் விளைச்சலின் பெயர் மட்டும் நிற்கும் இந்த வாக்கிய அமைப்பு, அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பண்ணைக் கணக்கின் அமைப்பும்கூட. உடனே பெண்குரல் கேட்கிறது: “காடு வெளஞ்சென்ன மச்சான், நமக்குக் கையும் காலுந்தானே மிச்சம்?” விடுபட்ட அந்த எழுவாயைத் தேடிக்கொண்டு வருகிற குரலாகவே இதை நான் கேட்கிறேன். அவர் இதை இலக்கணம் பார்த்து எழுதினார் என்று சொல்லவில்லை. ஊரில் பேசுகிற பேச்சே அப்படித்தான் இருந்தது. அதைத் திருத்தாமல் எடுத்து வைத்தார்.

அடுத்து “வரப்பும் உள்ள மறஞ்சிருக்கு” என்ற வரி. நான் சிறுவனாக இருந்தபோது, என் தாயார் நடவுக்குப் போகும் வயல்களில் நாற்று முடிகளைச் சுமந்து வீசியிருக்கிறேன். நடவு முடிந்த அன்று வயலில் கண்ணுக்குத் தெரிவது வரப்பு மட்டும்தான். நாற்று, தண்ணீரில் கீறிய பச்சைக் கோடு போல இருக்கும். தை பிறப்பதற்கு முன் அதே வயலுக்குப் போனால், கதிர் முற்றி இரண்டு பக்கமும் சாய்ந்து, வரப்பில் நடக்கிறவர் காலால் பயிரை விலக்கித்தான் அடுத்த அடி வைக்க இடம் தேட வேண்டும். நல்ல விளைச்சல் என்பதற்கு உவமை தேடுகிறவர்கள் தங்கத்தையும் கடலையும் கொண்டுவருவார்கள். இவர் வரப்பைக் காணோம் என்கிறார். அந்த வரப்பில் தலைச்சுமையோடு நடந்தவருக்கு மட்டுமே இது முதலில் தோன்றும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன், இது என் கருத்து. அவர் பிறந்தது 1930 ஏப்ரல் 13, பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில். மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது 1934-இல். அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் கல்லணைக் கால்வாய், மக்கள் ‘புது ஆறு’ என்று அழைக்கும் அந்தக் கால்வாய், பட்டுக்கோட்டைப் பகுதிக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது. அதுவரை மழையை நம்பிக் கிடந்த மேட்டு நிலங்கள் நஞ்சையாக மாறிய காலமும் அவருடைய பிள்ளைப் பருவமும் ஒன்றே. “சும்மா கெடந்த நெலத்தைக் கொத்தி” என்று பாட்டின் முதல் வேலையாக அவர் சொல்வது, தம் ஊரில் கண்ணெதிரே நடந்ததாகவே இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒருவருக்கு எதுகை மோனை எப்படி வந்தது? அவரை முதன்முதலில் எழுதத் தூண்டியது எது?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அறந்தாங்கி

ஐயா, தாங்கள் கேட்டதால் மேலே தந்த வரிகளையே மறுபடி பார்க்கலாம். ‘சும்மா’வும் ‘கம்மா’வும் எதுகை. ‘சும்மா’வுக்குச் ‘சோம்பல்’, ‘கம்மா’வுக்குக் ‘கரும்பு’ மோனை. ‘சம்பா’வுக்குத் ‘தகுந்த’ என்று வருவதை இன்றைய இளைஞர் மோனை என்று ஒப்புக்கொள்ளத் தயங்கலாம். ஆனால் சகரமும் தகரமும் மோனைக்கு இன எழுத்துகள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சூத்திரம் படித்து வைத்த மோனை என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய தந்தையார் அருணாசலனார் பாட்டுக் கட்டத் தெரிந்தவர்; வழிநடைப் பாட்டு ஒன்று இயற்றியவர். வழிநடைப் பாட்டு என்பது நடக்கும்போது ஊர் ஊராகச் சொல்லிப் பாடுவதற்கு உரியது. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு யாப்பு காதின் வழியாக வந்திருக்கும். பின்னாளில் புதுச்சேரியில் பாவேந்தர் பாரதிதாசனிடம் இருந்து கற்றது அதற்கு மேல் ஏறிய மெருகு. எழுதத் தொடங்கும் தாளின் தலைப்பில் ‘பாரதிதாசன் வாழ்க’ என்று எழுதிவிட்டே தொடங்குவார் என்று அவரோடு பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஏறத்தாழப் பதினைந்து வயதில், ஊருக்கு அருகிலிருந்த குளத்தின் கரையில் துள்ளிய கெண்டைக் குஞ்சைப் பார்த்து அவர் பாடியது அது. கரையோரம் மேயாதே, தூண்டில்காரன் வரும் நேரமாகிவிட்டது, ஓடிப் போ என்று மீனிடம் சொல்கிறது அந்தப் பாட்டு.

குளத்தங்கரையில் உட்கார்ந்த இளைஞர்கள் பாடுவதற்கு எத்தனையோ உண்டு: நிலவு, அல்லி, காற்று, காதல். இந்தப் பிள்ளைக்கோ மீனின் அழகைவிட அதற்கு வரப்போகிற ஆபத்துதான் முதலில் தெரிந்தது. பார்த்தவுடன் எச்சரிக்க வேண்டும் என்று தோன்றியது. அவருடைய பிற்காலப் பாட்டுகளில் எத்தனை பாட்டுகள் ஒருவரை அழைத்து எச்சரிக்கும் பாட்டுகள் என்று எண்ணிப் பாருங்கள். தம்பியைப் பார்த்துத் தூங்காதே என்கிறார். பாப்பாவைப் பார்த்துத் திருடாதே என்கிறார். சின்னப் பயலை நிறுத்தி வைத்துச் சேதி கேளடா என்கிறார். அவர்கள் எல்லாரும் எனக்குக் கெண்டைக் குஞ்சுகளாகவே தெரிகிறார்கள். கரையில் தூண்டிலோடு நிற்பவர் யார் என்பதைக் கண்டுகொள்ளத்தான் அவருக்குச் சில ஆண்டுகள் ஆயின. தஞ்சை மாவட்டத்து உழவர் இயக்கமும், அவர் கவிதைகளை வெளியிட்ட பொதுவுடைமைக் கட்சி இதழான ‘ஜனசக்தி’யும், பொதுவுடைமைத் தோழர்களின் பழக்கமும் அதை அவருக்குக் காட்டின.

திரைப்பாட்டு என்பது இயக்குநர் சொன்ன காட்சிக்கு, இசையமைப்பாளர் தந்த மெட்டுக்கு எழுதுவது. அதைப் படைப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? அவருக்கு என்று சொல்ல ஒன்று இருந்தால் தனிக் கவிதையாக எழுதியிருக்கலாமே?
— வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

இந்தக் கேள்வியில் உள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதன் அடிப்படையோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மெட்டுக்கு எழுதுவது எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டை வாசித்து, ‘தன்னன தானா’ என்று தத்தகாரமாகப் பாடிக் காட்டுவார். குறில் விழ வேண்டிய இடத்தில் நெடில் வைத்தால் பாடகரின் மூச்சு இடறும். நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் வல்லின மெய் வந்து நின்றால் குரல் முட்டிக்கொள்ளும். இத்தனை கட்டுக்குள், கதையில் அந்த ஆள் அந்த நேரத்தில் சொல்லக்கூடியதைத்தான் சொல்ல வேண்டும். இது கடினம்தான். ஆனால் வெண்பா எழுதியவர்களுக்கும் கட்டளைக் கலித்துறை எழுதியவர்களுக்கும் இதற்குக் குறையாத கட்டு இருந்தது. சிந்தும் கும்மியும் கேட்டு வளர்ந்தவருக்கு, மெட்டு முன்னே போகச் சொல் பின்னே வருவது புதிதே அல்ல. நடவு வயலில் அதுதான் நடக்கிறது. முன்பாட்டுக்காரி இழுத்த இழுப்புக்கு மற்றவர்கள் சொல் கட்டுகிறார்கள்.

காட்சியைப் பற்றிச் சொல்வதானால், 1956-இல் வந்த ‘பாசவலை’யை எடுத்துக்கொள்ளலாம். உலகில் எதுவும் நிலையில்லை என்னும் தத்துவப் பாட்டு அன்றைய படங்களில் அடிக்கடி இடம்பெறும் வகை. அப்படிப்பட்ட இடத்துக்கு அவர் எழுதியது: “குட்டி ஆடு தப்பி வந்தா குள்ளநரிக்குச் சொந்தம்; குள்ளநரி மாட்டிக்கிட்டா கொறவனுக்குச் சொந்தம்.” அந்த ஏணி மனிதனில் வந்து நிற்கிறது. அவன் கண்ணில் பட்டதெல்லாம் அவனுக்குச் சொந்தம், “சட்டப்படி பார்க்கப் போனா எட்டடிதான் சொந்தம்.” சித்தர்கள் சொன்ன அதே நிலையாமைதான். ஆனால் ‘சட்டப்படி’ என்று ஒரு சொல்லை அங்கே வைத்தார் பாருங்கள். தஞ்சைப் பண்ணையாள்களையும் குத்தகைக்காரர்களையும் காக்க 1952-இல்தான் சட்டம் வந்தது. நிலம் யாருக்குச் சட்டப்படி சொந்தம் என்பது அந்த ஆண்டுகளில் ஊர்தோறும் நடந்த வழக்கு. அந்த வழக்கு மன்றத்துச் சொல்லைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் வைத்துவிட்டார். காட்சி கேட்டதையும் கொடுத்தார், தம் மனத்தில் இருந்ததையும் சொன்னார். இதைத் தனிக் கவிதையாக எழுதியிருந்தால் ஜனசக்தி வாசகர்கள் படித்திருப்பார்கள். பாட்டாக எழுதியதால், எழுத்தே தெரியாத என் பாட்டி அதை மனப்பாடமாகச் சொன்னார். அவருக்கு எந்த வாசகர் வேண்டியிருந்தார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பொதுவுடைமை பேசியவர் ‘கல்யாண பரிசு’ போன்ற படங்களுக்குக் காதல் பாட்டு எழுதியது பணத்துக்காகத்தானே? அதில் என்ன கொள்கை இருக்கிறது?
— வாசகர், ஈரோடு

பணத்துக்காகவும்தான். தொழிலாளிக்குக் கூலி வேண்டும் என்று பாடியவர் தம் கூலியை வாங்குவதில் எந்த முரணும் இல்லை. ஆனால் காதல் பாட்டுகளை அவர் கைக்கு வந்தபடி எழுதினார் என்று எண்ணினால், தயவுசெய்து அந்தப் படத்தின் தீபாவளிப் பாட்டைத் திரும்பக் கேளுங்கள். 1959-இல் வந்த அந்தப் படத்தில் மகிழ்ச்சியாக ஒரு முறையும் துயரமாக ஒரு முறையும் அது வருகிறது. மகிழ்ச்சியில் “உன்னைக் கண்டு நான் ஆட” என்று தொடங்குவது, துயரத்தில் “உன்னைக் கண்டு நான் வாட” என்று மாறுகிறது. ஆட என்பதற்கு முன் ஒரு வகர மெய் வந்து ஒட்டிக்கொண்டால் வாட ஆகிவிடுகிறது. மெட்டில் ஒரு மாத்திரைகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஒரு குடும்பம் குலைந்துபோன கதையை ஓர் எழுத்தில் வைத்தவரைக் கூலிக்கு மாரடித்தவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தவிர, உழைக்கிறவர்கள் காதலிப்பதே இல்லையா? அவருடைய உழவுப் பாட்டிலேயே ‘மச்சான்’ என்று அழைக்கிற ஒரு பெண் இருக்கிறாள். அவள் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது.

கண்ணதாசனா, பட்டுக்கோட்டையாரா? ஒரே சொல்லில் விடை தேவை.
— வாசகர், மதுரை

ஒரே சொல்லில் தர இயலாது, பொறுத்தருள்க. கண்ணதாசன் 1927-இல் பிறந்து 1981 வரை இருந்தார்; முப்பதாண்டுகளுக்கு மேல் பாட்டு எழுதினார். பட்டுக்கோட்டையார் 1959 அக்டோபர் 8 அன்று இறந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. திரைப்பாட்டு எழுதியது ஐந்தாறு ஆண்டுகள். கண்ணதாசனே அவருக்கு இரங்கற்பா பாடினார். அவர்களுக்குள் இல்லாத போட்டியை நாம் நடத்த வேண்டியதில்லை.

அவர் எழுதியவற்றை எல்லாரும் ‘எம்.ஜி.ஆர். பாட்டு’ என்றே சொல்கிறார்கள். எழுதியவருக்கு இது பெரிய அநீதி அல்லவா?
— ஆசிரியை, யாழ்ப்பாணம்

அம்மா, அநீதிதான். ஆனால் இதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன.

மக்கள் ஒரு பாட்டை நடித்தவரின் பாட்டாக நினைப்பது திரையின் இயல்பு. கூத்தில் இராமனாக வந்தவரை ஊரே இராமன் என்று அழைப்பது போல. அதிலும் ஒரு துயரம் உண்டு. ‘திருடாதே’ படமும் ‘அரசிளங்குமரி’யும் வெளிவந்தது 1961-இல். “ஆளும் வளரணும், அறிவும் வளரணும், அதுதாண்டா வளர்ச்சி” என்ற வரியை ஊரெல்லாம் சொல்லத் தொடங்கியபோது அதை எழுதியவர் மறைந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 1960-இல் வந்த ‘ஆளுக்கொரு வீடு’ பாட்டில் “கையும் காலுந்தான் உதவி” என்று எழுதியிருந்தார். இரண்டாண்டுக்கு முன் “கையும் காலுந்தானே மிச்சம்” என்று ஒரு பெண்ணின் வாயில் குறையாக வந்த அதே கையும் காலும், இங்கே ஒருவருடைய பலமாக மாறியிருக்கின்றன. அந்த மாற்றத்தை மக்கள் எப்படி ஏற்றார்கள் என்று பார்க்க அவர் இல்லை.

பெயரைச் சொல்லாமல் விடுவது என்பது வேறு. அதை மன்னிக்கக் கூடாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த இரண்டு பாட்டுகள் ஒரு நாடகக் குழுவின் ஒலிநாடாவில் என் பெயரில்லாமல் வெளிவந்தன. அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு கடை வாசலில் நின்றது இன்றும் நினைவில் இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், படத்துக்கு எழுதிய பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமைத்தொகையில் பங்கு உண்டு என்றும், அந்தப் பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்றும் உறுதி செய்தது. நல்ல சட்டம். ஆனால் பெயரைச் சொல்வதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பாட்டைப் பகிரும்போது எழுதியவர் பெயரையும் சேர்த்து எழுத ஒரு நொடிதான் ஆகும்.

நான் உப்பளத்தில் வேலை செய்கிறேன். மாலையில் பாட்டு எழுதுகிறேன். இதுவரை அறுபது பாட்டுகள் சேர்ந்திருக்கின்றன. சென்னைக்குப் போய் வாய்ப்புத் தேடலாமா? என் பாட்டுகளில் இரண்டை இணைத்துள்ளேன்.
— வாசகர், வேதாரண்யம்

தம்பி, இரண்டு பாட்டையும் மூன்று முறை படித்தேன். முதல் பாட்டில் நிலா இருக்கிறது, தேவதை இருக்கிறாள், கனவு நான்கு இடங்களில் வருகிறது. சந்தம் சரியாக இருக்கிறது; பாடவும் முடிகிறது. ஆனால் அது யார் எழுதியதாகவும் இருக்கலாம்.

இரண்டாவது பாட்டின் மூன்றாம் சரணத்தில், பாத்தியில் உப்புப் பூக்கும் வேளையில் மேகம் திரண்டால் ஒரு தாய் வானத்தைப் பார்த்து என்ன சொல்வாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரே மழை கேட்கிற நாட்டில் மழை வேண்டாம் என்று கைகூப்புகிற ஒருத்தியை நான் எந்தத் திரைப்பாட்டிலும் கேட்டதில்லை. அதற்கு இரண்டே வரி கொடுத்துவிட்டு மறுபடியும் நிலாவுக்குப் போய்விட்டீர்கள். ஏன் போனீர்கள்? அந்தத் தாயின் கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் படும்போது எப்படி இருக்கும், வெயிலில் வெள்ளைப் பாத்தியைப் பார்த்துப் பார்த்துக் கண் என்ன ஆகும், வாரிக் குவித்த உப்பின் மேல் முதல் தூறல் விழும்போது என்ன ஓசை கேட்கும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பட்டுக்கோட்டையாரும் உப்பளத்தில் வேலை செய்தவர் என்று சொல்லப்படுகிறது. ஆனால் உப்பளத்துக்கென்று அவர் எழுதிய பாட்டு எதையும் நான் கேட்டதில்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

சென்னைக்குப் போவதைப் பற்றி அவசரப்பட வேண்டாம்; மழைக்காலத்தில் அளத்தில் வேலை இராது, அப்போது ஒருமுறை போய்வாருங்கள். இப்போதைக்கு அந்த மூன்றாம் சரணத்தைப் பல்லவியாக்கி, அந்தத் தாயையே பாட வைத்து, முழுப் பாட்டையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அளத்தில் நீங்கள் பேசிக்கொள்ளும் சொற்களை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். எனக்குப் புரியாதவற்றைக் கடிதம் போட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.